குச்சி கொடுக்கிறார்கள், நடக்க யார் சொல்லித் தருவது?

பெரியவர்களான பிறகு பார்வை போனவர்களுக்கு நம் ஊரில் பொருள் கிடைத்துவிடுகிறது, பயிற்சி கிடைப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமலேயே நிறையப் பேர் வருடக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். மடக்குக் குச்சி, கருப்புக் கண்ணாடி, பிரெய்ல் கைக்கடிகாரம், தகுதி இருந்தால் ஸ்மார்ட்போன், இவையெல்லாம் அரசு மூலம் வரும். முகாமில் பெயரைக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் குச்சியை எப்படிப் பிடிப்பது, ரோட்டில் எந்த ஓரமாகப் போவது, அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, நூறு ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது, இதையெல்லாம் கூட இருந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நாமேதான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நான் தேடிய கதையையும் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன், உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது பயன்படும்.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப் பார்வை போகிற பரம்பரை நோய். பள்ளிக்கூடம் படிக்கும்போதே இருட்டினால் தடுமாறுவேன், மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாகக் கொடுத்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், இந்த நோய் அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக வருகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. கல்யாணமாகி அருப்புக்கோட்டைப் பக்கம் வந்து, வீட்டு முன்பக்கம் சின்ன மளிகைக் கடை போட்டு, பிள்ளைகள் வளர்ந்து, நாற்பதைத் தாண்டும்போது பார்வை நான்கு பக்கமும் சுருங்கி ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, பிறகு அதுவும் போய்விட்டது. டாக்டர் நல்ல மனிதர்தான், பொறுமையாகப் பேசினார், இதற்கு மேல் வைத்தியம் இல்லை என்று உள்ளபடி சொன்னார். இனிமேல் எங்கே போய் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை அன்றைக்கே கிடைத்திருந்தால் எனக்கு எத்தனையோ காலம் மிச்சமாகியிருக்கும். கண் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஐதராபாத் எல்.வி. பிரசாத் மாதிரிப் பெரிய கண் மருத்துவமனைகளில் பார்வை மறுவாழ்வுப் பிரிவு என்று தனியாகவே இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள். ஆகவே கேளுங்கள். "லோ விஷன் கிளினிக் இருக்கா, ரிஹாபிலிடேஷன் பிரிவு எங்கே இருக்கு" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்தது சான்றிதழ். யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லாமல் எதுவும் நகராது. இதில் என் போன்ற நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நடுப்பார்வை கொஞ்சம் மிச்சமிருக்கும்போது சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை நாம் ஓரளவு படித்துவிடுவோம், அதை மட்டும் வைத்து சதவீதம் போட்டால் 40க்குக் கீழே வந்துவிடும், 40 இல்லையென்றால் பெரும்பாலான உதவிகள் இல்லை. எனக்கு முதல் தடவை அப்படித்தான் நடந்தது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பார்வைப் பரப்பும், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதும், கணக்கில் வருகிறது. பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. அதனால் இந்தப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்து, அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்து, இதையும் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன், மறுபடியும் பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள்.

சரி, அட்டை வந்தது, குச்சியும் வந்தது. பயிற்சி?

விசாரித்தால் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி வயது. சின்னப் பிள்ளை என்றால் பள்ளிக்கூடம் இருக்கிறது. இருபது வயதுப் பையன் என்றால் கம்ப்யூட்டர் பயிற்சி, போட்டித் தேர்வுப் பயிற்சி. நாற்பத்து சொச்சம் வயதில் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு என்ன தருவீர்கள் என்றால், "உங்களுக்கு எதுக்கும்மா, வீட்டில் ஆள் இருக்காங்கல்ல" என்று பதில். இதற்கு வேர் சட்டத்திலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவைகளைப் பற்றிச் சொல்லும்போது, அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு, குறிப்பாக சுகாதாரம், கல்வி, வேலைவாய்ப்பு ஆகிய துறைகளில் என்று போகிறது. நான் நோயாளியும் இல்லை, மாணவியும் இல்லை, வேலை தேடுபவளும் இல்லை. சோறாக்கவும் கடையைப் பார்க்கவும் கோயிலுக்குத் தனியாகப் போய்வரவும் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு எனக்குத் துணை நிற்கிறது: சமூகத்தோடு வாழும் உரிமை, வீட்டிலும் சமூகத்திலும் கிடைக்க வேண்டிய ஆதரவுச் சேவைகள், அதுவும் வயதையும் பாலினத்தையும் கருத்தில் கொண்டு என்று எழுதியே இருக்கிறது. மனு எழுதும்போது இந்தப் பிரிவு எண்ணைப் போடுங்கள். 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும் சுயமாக வாழ்வதைப் பற்றியதுதான்.

இத்தனைக்கும் இந்த நாட்டில் பெரியவர்களுக்கான பயிற்சி புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் கண்ணை இழந்த சிப்பாய்களுக்காக 1943இல் டேராடூனில் ஒரு விடுதி ஆரம்பித்தார்கள், 1950இல் அங்கேயே பார்வையற்ற பெரியவர்களுக்கான பயிற்சி மையம் வந்தது, அதுதான் வளர்ந்து இன்றைக்கு தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனமாக இருக்கிறது. அதன் வட்டார மையம் சென்னைக்குப் பக்கத்தில் பூந்தமல்லியில் இருக்கிறது. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் அங்கே போய் விசாரிக்கலாம். எனக்கு அவ்வளவு தூரம் போய்த் தங்கத் தோதுப்படவில்லை, கடைசியில் மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தங்கிப் படிக்க இடம் கிடைத்தது. கேட்கும்போது "பயிற்சி" என்று பொதுவாகக் கேட்டால் பாய் முடைவதையும் ஊதுபத்தி உருட்டுவதையும் காட்டுவார்கள். தனியாக நடக்கக் கற்பதற்கு "மொபிலிட்டி டிரெயினிங்" என்றும், வீட்டு வேலைகளைக் கற்பதற்கு "டெய்லி லிவிங் ஸ்கில்ஸ்" என்றும் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் சரியான ஆளிடம் அனுப்புவார்கள்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கும் பார்வை கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் எதிரே வந்து நின்று, "நேற்று சிம்மக்கல்லில் இறங்கி நடந்து வந்தேன், புது இடத்தில் பள்ளம் தோண்டியிருக்கிறான்" என்று சாதாரணமாகச் சொன்னபோதுதான் இது நடக்கக்கூடிய காரியம் என்று எனக்கு மனதில் பட்டது. முதலில் என் குச்சியை வாங்கித் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து நின்றால் குச்சி நெஞ்செலும்பு வரைக்கும் வர வேண்டும், உனக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது, இதை வைத்து நடந்தால் பள்ளத்தில் கால் போன பிறகுதான் குச்சி சொல்லும் என்றார். முகாமில் எல்லாருக்கும் ஒரே அளவுதான் வந்திருந்தது. நீளமானதை வாங்கினேன். குச்சியைத் தொப்புளுக்கு நேராகப் பிடித்து, தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடமும் வலமும் தட்ட வேண்டும். வலது கால் முன்னே போகும்போது குச்சி இடதுபக்கம் தட்டும், இடது கால் போகும்போது வலதுபக்கம். அதாவது அடுத்த கால் விழப்போகிற இடத்தைக் குச்சி முன்கூட்டியே பார்த்துவிடும். இது பழகும்வரை நடையும் தட்டலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும், மணிக்கட்டு வலிக்கும், விடாமல் செய்தால் கை தானாகப் போட ஆரம்பித்துவிடும்.

நடைபாதை இல்லாத நம் ஊர் ரோடுகளில் தாரும் மண்ணும் சேரும் விளிம்பைத்தான் பிடித்துப் போக வேண்டும், தட்டுகிற சத்தமே மாறும். நிறுத்திவைத்த பைக், திறந்த சாக்கடை எல்லாம் குச்சிக்குச் சிக்கும். சிக்காதது தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லாரிப் பலகையும் கடைத் தகரமும். அதற்காகத்தான் ஐ.ஐ.டி. டெல்லியில் ஸ்மார்ட் கேன் என்று ஒன்று செய்தார்கள், மேலே இருப்பது நெருங்கினால் கைப்பிடி அதிரும். அது கிடைத்தால் நல்லது, ஆனால் சாதாரணக் குச்சியில் நடை படிந்த பிறகு வாங்குங்கள் என்பதே என் அபிப்பிராயம், அதிர்வையே கவனித்துக்கொண்டிருந்தால் தரை மறந்துபோகும்.

சமையலுக்கு வருகிறேன், பெண்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அடுப்பில் பாத்திரத்தை வைத்து, சூடு வருவதற்கு முன்பே தாங்கியைத் தடவி நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். லைட்டரை பர்னர் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் திருகியைத் திறக்க வேண்டும், பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்காவிட்டால் உடனே மூடிவிட்டு, கேஸ் வாடை அடங்கின பிறகே மறுபடி முயற்சி. பருத்திச் சேலை, முந்தானையை இடுப்பில் செருகியாக வேண்டும். நைலக்ஸ் நைட்டியோடு அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது. திருகியில் சிம் எங்கே வரும் என்பதற்குக் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன், சாதாரணப் பொட்டு விரலுக்குத் தெரியாது, கல் பொட்டு நன்றாகத் தெரியும். மிக்சியிலும் வாஷிங் மெஷினிலும் அதே பொட்டுதான். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, மல்லித்தூளுக்கு இரண்டு, மஞ்சள்தூளுக்கு மூக்கு போதும். கொதிக்கிற டீயை டம்ளரில் ஊற்றுவது பலருக்குப் பயம். நான் எத்தனை டம்ளர் வேண்டுமோ அத்தனையையும் முதலில் பச்சைத் தண்ணீராகவே அதே டம்ளரில் அளந்து சட்டியில் ஊற்றிவிடுவேன், பிறகு டம்ளரைத் தட்டில் வைத்து, சட்டியின் மூக்கை டம்ளர் விளிம்பில் ஒட்டி வைத்து ஊற்றினால் சத்தம் ஏறிக்கொண்டே வருவதில் அளவு தெரிந்துவிடும். தோசைக்கு, வேகிற சத்தம் குறைந்து ஓரம் மொறுமொறுவென்று திருப்பியில் தட்டுப்பட்டால் புரட்டலாம். கடுகு வெடித்து அடங்குவதை என்றைக்குமே காதால்தானே கேட்டோம்? காய் நறுக்க மதுரையில் கத்தியும் பலகையும் வைத்துச் சொல்லித் தந்தார்கள், வீட்டுக்கு வந்ததும் நான் அரிவாள்மனைக்கே திரும்பிவிட்டேன். வெட்டுகிற முனை ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது, நகர்வது என் கை மட்டும்தான், எனக்கு அதுதான் பத்திரமாகத் தோன்றுகிறது. உங்களுக்கு எது பழக்கமோ அதில் செய்யுங்கள்.

வீட்டில் உள்ளவர்களைப் பற்றி. என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, தங்கமானவர், நான் அடுப்பங்கரைப் பக்கம் போனாலே "நீ பேசாம உக்காரு தாயி, நான் பாத்துக்கிறேன்" என்பார். பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்தில் நான் பயிற்சியில் படித்தது எல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என் ஆசிரியர் அவர் கண்ணைக் கட்டி ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட வைத்தார், குச்சியோடு வாசல்வரை நடக்கவும் வைத்தார். வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து தன் அம்மாவிடம் பேசினார், அதற்குப் பிறகுதான் வழிவிட்டார்கள். பயிற்சிக்குப் போகும்போது ஒரு நாளாவது வீட்டு ஆளையும் உள்ளே உட்கார வையுங்கள். அப்புறம் ஒரே ஒரு சட்டம் வீட்டில் கண்டிப்பாக வேண்டும்: எடுத்த பொருள் எடுத்த இடத்துக்குப் போக வேண்டும், கதவு ஒன்று முழுசாகத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுசாக மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவுதான் நெற்றியைப் பதம் பார்க்கும்.

கடையை நான் திரும்ப நடத்துவேன் என்று யாரும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகனோடு உட்கார்ந்து பருப்பு, சர்க்கரை எல்லாம் முன்கூட்டியே பொட்டலம் போட்டுவிடுவோம், கால் கிலோவுக்கு ரப்பர் பேண்டு, அரைக் கிலோவுக்கு முடிச்சு. ரூபாய் நோட்டுக்கு வருவோம். இப்போதைய புதிய நோட்டுகளில் நூறு 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐந்நூறு 150. நான்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஓர் அட்டையில் மூன்று அளவுக்கும் வெட்டு வைத்து அதன்மேல் நோட்டை வைத்துப் பார்ப்பேன். ஓரத்தில் தடிப்பான கோடுகளும் இருக்கின்றன, நூறுக்கும் இருநூறுக்கும் நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து, ஆனால் கசங்கின நோட்டில் அது தேய்ந்துவிடும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பழைய நூறு ரூபாயில். அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, 157 மில்லிமீட்டர், புதிய ஐந்நூறைவிடவும் பெரியது. ஆனால் அதன் உயரம் 73, புதியவற்றின் உயரம் 66, அதனால் உயரத்தையும் தொட்டுப் பார்த்தால் ஏமாற மாட்டோம். சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கி 2020இல் கொடுத்த மணி என்ற ஆப் இருக்கிறது, நெட் இல்லாமலே கேமராவில் பார்த்துச் சொல்லும். இருபது ரூபாய் நாணயம் பன்னிரண்டு முனையோடு வருவதால் சுலபம். ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு உபகாரம் செய்தது க்யூஆர் சவுண்ட் பாக்ஸ். இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே சத்தமாகச் சொல்லிவிடுகிறது, வாங்குபவருக்கும் எனக்கும் நடுவில் பேச்சே தேவையில்லை. பார்வையற்றவர்களை நினைத்துச் செய்த பொருள் அல்ல அது, ஆனாலும் எங்களில் கடை வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டாடுகிறோம்.

வங்கியில் ஏடிஎம் கார்டு கேட்டபோது, கூட்டுக் கணக்கு வையுங்கள், கைநாட்டு போடுங்கள் என்றார்கள். நான் பத்தாவது வரை படித்தவள், என் கையெழுத்து எனக்கு மறக்கவில்லை. 2008 ஜூன் 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில், காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர் என எந்த வசதியையும் பார்வை இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தேன், சத்தம் போடவில்லை, எழுதிக் கேட்டேன், மறுப்பதானால் எழுதியே கொடுங்கள் என்றேன். கார்டு வந்தது. இதே மாதிரி, ஆன்லைனில் அடையாளம் சரிபார்க்கும்போது "கண்ணைச் சிமிட்டுங்கள், முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்" என்று கேட்டு மாட்டிக்கொள்பவர்கள், 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சொல்லுங்கள். டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி, இதற்கு மாற்று வழி இருக்க வேண்டும் என்று அதில் உத்தரவிட்டிருக்கிறார்கள்.

போனைப் பற்றி நீட்டவில்லை. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்று திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறது, இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில வினாடி அழுத்தினால் பேச ஆரம்பிக்கும், தமிழ்க் குரலும் உண்டு. முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், போனைத் தூக்கிப் போடாதீர்கள். சொல்லித்தர இன்னொரு பார்வையற்றவரைப் பிடியுங்கள், பார்க்கிற பிள்ளைகள் நம் கையிலிருந்து பிடுங்கித் தாங்களே செய்துவிடுவார்கள்.

ரோட்டில் மனிதர்களிடம் பேசும் விதத்தையும் கற்க வேண்டியிருந்தது. பஸ் வந்தால் "இது அருப்புக்கோட்டை பஸ்ஸா" என்று கேட்டால் அவசரத்தில் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள், "இது எங்கே போகிற பஸ்" என்று கேட்டால்தான் பார்த்துச் சொல்வார்கள். வழி கேட்டால் "அந்தா அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவார்கள், "எனக்கு இடது கைப் பக்கமா, வலது கைப் பக்கமா" என்று திருப்பிக் கேட்க வேண்டும். உதவுகிறவர் நம் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, நாம்தான் அவர் முழங்கையைப் பிடித்து அரையடி பின்னால் நடக்க வேண்டும் என்பது முறை. ஆனால் முன்பின் தெரியாத ஆணின் கையைப் பிடிக்க எனக்குச் சங்கடம். "அண்ணே, நீங்க பேசிக்கிட்டே முன்னால போங்க, நான் சத்தத்தைப் பிடிச்சு வர்றேன்" என்பேன். நன்றாகவே வேலை செய்கிறது, பெண்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை, ரயிலிலும் இருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் சலுகை. துணை இருந்தால்தான் ஏற்றுவோம் என்று எந்த விதியும் பஸ்ஸில் இல்லை, யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்று சேவை மையங்கள் திறக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் திறந்திருந்தால் போய், பார்வையற்ற பெரியவர்களுக்கு மொபிலிட்டி சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, வீட்டுக்கு வந்து சொல்லித் தருவாரா, பெண் பயிற்சியாளர் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வட்டாரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து அப்படித்தான் கொடுத்திருக்கிறோம். அதில் குச்சியோ போனோ கேட்கவில்லை, தாலுகாவுக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, அடுத்த கூட்டத்துக்கும் போகப் போகிறோம்.